1975 சீசன், 660 கார்டு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சென்ற இதழில், 1975-ம் வருடத்து டாப்ஸ் பேஸ்பால் கார்டுகளை (டாப்ஸ் கம்பெனி பபுள்கம் பாக்கெட்டில் வைத்து விற்ற, ஆட்டக்காரர் படம் போட்ட அட்டைகள்) முழு செட்டாகச் சேர்த்து முடித்தேன் என்று நாலு வரி எழுதியிருந்தேன். சமையல் குறிப்புக்குக்கூட இத்தனை கடிதம் வந்ததில்லை. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் காலமாகி, வீட்டுச் சாமான்களை எல்லாம் விற்றார்கள். ஒரு பிஸ்கட் டப்பா நிறைய 1975 கார்டுகளைப் பத்து டாலருக்கு வாங்கிவந்தேன். என் மகனின் புதுக் கார்டுகளோடு வைத்துப் பார்த்தால் இவை சிறிதாக இருக்கின்றன. யாரோ ஓரத்தை வெட்டிவிட்டார்களா, அல்லது போலியா?
– வாசகர், நோவை, மிச்சிகன்

வெட்டவும் இல்லை, போலியும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஸ்கேல் எடுத்து அளந்து பாருங்கள். வழக்கமான கார்டு இரண்டரை அங்குலத்துக்கு மூன்றரை அங்குலம். உங்களுடையது இரண்டே கால் அங்குல அகலமும் மூன்றே அரைக்கால் அங்குல உயரமும் இருந்தால் அது 'மினி'. அந்த ஒரு வருடம் டாப்ஸ் கம்பெனி அதே 660 கார்டுகளைச் சிறிய அளவிலும் அச்சடித்து, சில இடங்களில் மட்டும் விற்றுப் பார்த்தது. அந்த இடங்களில் நம் மிச்சிகனும் ஒன்று. மேற்குக் கடற்கரைப் பக்கமும் கிடைத்தன. அதனால்தான் இந்த மாநிலத்தில் பழைய வீட்டு பேஸ்மென்ட்களிலிருந்து இன்னும் மினி வெளிவந்துகொண்டிருக்கிறது.

வெட்டிய கார்டையும் மினியையும் பிரித்தறிவது சுலபம். வெட்டியதில் முகம் பழைய அளவிலேயே இருக்கும், கலர் பார்டர் மட்டும் ஒல்லியாகிவிடும். மினியில் முகம், பெயர், பார்டர் எல்லாம் சேர்ந்தே சுருங்கியிருக்கும். அதே எண்ணுள்ள பெரிய கார்டு கிடைத்தால் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், சந்தேகமே வராது.

டப்பாவோடு அப்படியே வைத்திருங்கள். ரப்பர் பேண்ட் போட்டிருந்தால் இன்றைக்கே கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துவிடுங்கள், இழுத்துக் கழற்ற வேண்டாம். இழுக்கும்போதுதான் ஓரம் பள்ளமாகும்.

கேள்வி: கார்டு என்றால் 1952-ல் வந்த, நியூயார்க் யாங்கீஸ் ஆட்டக்காரர் மிக்கி மேன்டிலின் கார்டுதானே பெரிய பெயர்? ஏன் 1975? அதிலும் பேஸ்பால் பார்க்காமலே வளர்ந்த நமக்கு, பிறந்து ஐம்பது வருடமான ஒரு சீசனில் என்ன இருக்கிறது?
– வாசகி, எடிசன், நியூஜெர்சி

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1952 டாப்ஸ் செட்டின் 311-ம் எண் மேன்டில் கார்டு ஒன்று 2022-ல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அதே செட்டில் விற்காமல் கிடங்கில் தேங்கிய பெட்டிகளை 1960-ல் டாப்ஸ்காரர்களே படகில் ஏற்றிக்கொண்டுபோய் அட்லாண்டிக் கடலில் கொட்டினார்கள் என்பதும் உண்மை. அந்தச் செட்டை நான் கண்ணாடிக்குள் மட்டுமே பார்த்திருக்கிறேன். தொட்டு, பின்புறம் திருப்பிப் படிக்க முடியாத கார்டில் எனக்கு ஆசை வரவில்லை.

நாங்கள் மிச்சிகனுக்கு வந்தது 1993-ல். மறு வருடம் ஆகஸ்டில் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீசன் கடைசியில் சாம்பியனைத் தீர்மானிக்கும் வேர்ல்ட் சீரிஸே ரத்தாகிவிட்டது. எதிர் வீட்டில் ஒரு பெரியவர், கார் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாயங்காலமானால் அவர் போர்ச்சில் ரேடியோவில் டெட்ராய்ட் டைகர்ஸ் ஆட்டம் கேட்கும். வேலைநிறுத்தம் வந்ததும் அந்தச் சத்தம் நின்றுபோனது. ஒரு வாரம் கழித்து, அவர் ஒரு ஷூ பெட்டியோடு எங்கள் வாசலுக்கு வந்தார். அரிசோனாவுக்குக் குடிபோன அவர் மகன் சின்ன வயதில் சேர்த்தவை. அவருக்கு வேண்டாமாம். "உன் பையனுக்குக் கொடு" என்றார்.

பையனுக்கு அப்போது ஆறு வயது. அவன் இரண்டு நாளில் விட்டுவிட்டான். எனக்குத்தான் பிடித்துக்கொண்டது. கோவில்பட்டியில் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தெருவில் கிடக்கும் காலித் தீப்பெட்டியின் படத்தைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்து நோட்டில் ஒட்டியவள் நான். பெட்டியைத் திறந்ததும் அந்த நிறங்கள்தான் முதலில் கண்ணில் பட்டன. 1975 கார்டின் பார்டர் மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம். டீம் பெயர் தலைக்குமேல் கொட்டை எழுத்தில், ஆட்டக்காரரின் கையெழுத்து படத்தின் குறுக்கே. கீழே வலது மூலையில் ஒரு குட்டிப் பந்து. அதற்குள் அவர் களத்தில் நிற்கும் இடத்தின் பெயர்.

பெட்டியில் இருந்தவை 211. மிச்சம் 449-ஐத் தேடி எடுக்க எனக்கு இருபத்தெட்டு வருடமானது. அவசரப்பட்டிருந்தால் ஒரே நாளில் காசு கொடுத்து வாங்கியிருக்கலாம். 1975 கார்டுகள் மொத்தமும் ஒரே தடவையில் வெளியானவை. எழுபதுகளின் தொடக்கம் வரை பல தவணையாக விட்டதால் கடைசித் தவணை எண்கள் அரிதாகிவிடும். இங்கே அந்தத் தொல்லை கிடையாது. கொஞ்சம் முனை மழுங்கிய கார்டு போதும் என்றால் பெரும்பாலானவை ஒரு காபி விலைக்குள் கிடைக்கும். அதனால் ஒவ்வொன்றையும் எடுத்து, படித்து, அடுத்ததற்குப் போக முடிந்தது. நான் பேஸ்பால் கற்றதே அப்படித்தான்.

இந்தச் செட்டின் முதல் கார்டும் ஹாங்க் ஆரன், கடைசியான 660-ம் ஆரன். முதல் கார்டு, பழைய நட்சத்திரம் பேப் ரூத்தின் 714 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) சாதனையை அவர் 1974 ஏப்ரல் 8 அன்று அட்லாண்டாவில் முறியடித்ததற்காக. கடைசிக் கார்டில் டீம் பெயர் மாறிவிட்டது: மில்வாக்கி. 1954-ல் எந்த ஊரில் ஆடத் தொடங்கினாரோ அதே ஊருக்கு, வேறொரு டீமின் ஆளாகத் திரும்பிப் போகிறார். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. எண் வரிசையில் அடுக்கும்போது நானே கண்டுபிடித்தேன். அந்தச் சந்தோஷம் இன்னும் எனக்குள் இருக்கிறது.

இன்னொன்று சொல்கிறேன். 622-ம் எண் கார்டை எடுங்கள். மைதானத்தின் வெளிப்பகுதியைக் காக்கும் புது அவுட்ஃபீல்டர்கள் நாலு பேர், தபால்தலை அளவு முகங்கள். அதில் ஒருவர் பாஸ்டனின் ஃப்ரெட் லின். இன்னொருவர் சின்சினாட்டியின் எட் ஆர்ம்பிரிஸ்டர், பஹாமாஸ்காரர். வசந்த காலத்தில் சிறுவர்கள் பபுள்கம்மோடு இதைப் பிரித்தபோது இரண்டு பேரும் ஒன்றுதான், யாருக்கும் தெரியாத பெயர்கள். அந்த வருடமே லின் சிறந்த புதுமுகம், லீகின் சிறந்த ஆட்டக்காரர் என்ற இரண்டு விருதையும் சேர்த்து வாங்கினார். அதற்குமுன் யாரும் ஒரே வருடத்தில் இரண்டையும் வாங்கியதில்லை. அக்டோபரில் இருவரின் டீமும் வேர்ல்ட் சீரிஸில் மோதின. மூன்றாவது ஆட்டம், பத்தாவது இன்னிங்ஸ். ஆர்ம்பிரிஸ்டர் மட்டையை வீசாமல் பந்தை மெல்லத் தட்டிவிட்டு ஓடத் தொடங்கும்போது, பந்தை எடுக்க வந்த பாஸ்டன் கேட்சர் (மட்டைக்காரருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர்) கார்ல்டன் ஃபிஸ்க் அவர்மேல் மோதிக்கொண்டார். ஃபிஸ்க் எறிந்த பந்து எங்கோ போனது. இடையூறு இல்லை என்று அம்பயர் சொல்லிவிட்டார். சின்சினாட்டி அந்த ஆட்டத்தை 6-5 என்று ஜெயித்தது. பாஸ்டன்காரர்கள் அதை மறக்கவே இல்லை. ஆறாவது ஆட்டத்தில் அதே ஃபிஸ்க் பன்னிரண்டாவது இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்துப் பாஸ்டனைக் காப்பாற்றினார். ஏழாவது ஆட்டத்தையும் சீரிஸையும் சின்சினாட்டி எடுத்துக்கொண்டது.

இந்த நாலு முகத்தில் லின்னுக்காகத்தான் எல்லோரும் கார்டு வாங்குகிறார்கள். நான் எடுக்கும்போதெல்லாம் ஆர்ம்பிரிஸ்டரைத்தான் முதலில் பார்ப்பேன். ஒரு சீசனை முழுசாகச் சேர்ப்பதில் இருக்கும் விசேஷம் இதுதான், எடிசன் வாசகியே. நட்சத்திரங்களை மட்டும் பொறுக்கினால் இவரை எங்கே சந்திப்பீர்கள்?

கேள்வி: உங்களுக்கு மிகவும் பிடித்த ஒரே ஒரு கார்டு?
– வாசகர், ட்ராய், மிச்சிகன்

407. ஹெர்ப் வாஷிங்டன், ஓக்லண்ட். மூலையில் இருக்கும் அந்தக் குட்டிப் பந்துக்குள் எல்லோருக்கும் பிட்சர் (பந்து வீசுபவர்), கேட்சர் என்று இருக்கும். இவருக்கு மட்டும் 'பின்ச் ரன்னர்'. அதாவது மற்றவருக்குப் பதிலாக ஓடுபவர். அடிப்பதும் கிடையாது, பிடிப்பதும் கிடையாது. நம் மிச்சிகனில் ஃப்ளின்ட்டில் வளர்ந்து, மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஓட்டப் பந்தய வீரராக இருந்தவர். ஓக்லண்ட் முதலாளி சார்லி ஃபின்லி அவரை ஓடுவதற்காகவே வேலைக்கு எடுத்தார். 1974-ல் 92 ஆட்டம் இறங்கினார், 29 பேஸ் திருடினார் (எதிரி பந்து வீசும்போதே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது), ஒரு தடவைகூட மட்டை பிடிக்கவில்லை.

அந்த வருட வேர்ல்ட் சீரிஸ் இரண்டாவது ஆட்டத்தில், ஒன்பதாவது இன்னிங்ஸில், பேஸைவிட்டுக் கொஞ்சம் நகர்ந்து நின்றவரை டாட்ஜர்ஸ் பிட்சர் மைக் மார்ஷல் சட்டென்று திரும்பி எறிந்து அவுட்டாக்கினார். ஒரே வருடத்தில் 106 ஆட்டத்தில் பந்து வீசிய அந்த மார்ஷலும் மிச்சிகன் ஸ்டேட்டில் படித்தவர்தான். அவருக்கு ஆறாம் எண் கார்டு. என் பைண்டரில் இருவருக்கும் நடுவே 400 கார்டு தூரம்.

பிடித்தது என்று சொல்ல முடியாது, ஆனால் கடக்க முடியாத கார்டு ஒன்றும் உண்டு. 455, ஹூஸ்டன் பிட்சர் டான் வில்சன். எதிரிக்கு ஒரு ஹிட்கூட விடாமல் இரண்டு முழு ஆட்டம் வீசியவர். 1975 ஜனவரி 5 அன்று, 29 வயதில் இறந்துபோனார். அந்த வசந்தத்தில் அவர் கார்டும் மற்றவற்றோடு பாக்கெட்டில் வந்தது. அந்தப் பக்கம் வரும்போது கொஞ்ச நேரம் நிற்பேன்.

கேள்வி: இணையத்தில் 'முழு செட், உத்தரவாதம்' என்று பார்த்து வாங்கலாம் என்று இருக்கிறேன். ஏமாறாமல் இருக்க என்ன பார்க்க வேண்டும்?
– வாசகர், ஃப்ரிஸ்கோ, டெக்சஸ்

நான் ஒரு தடவை ஏமாந்தேன். முழு செட் அல்ல, நூறு கார்டு கொண்ட ஒரு கட்டு. அதில் 228-ம் எண், ஜார்ஜ் பிரெட் ரூக்கி கார்டும் (அந்த ஆட்டக்காரரின் முதல் கார்டு) உண்டு என்று எழுதியிருந்தார்கள். வந்தது. பளிச்சென்று இருந்தது. அந்தப் பளிச்சுதான் உறுத்தியது.

தபால்தலை பார்க்கும் பத்து மடங்கு லென்ஸை வைத்துப் பார்த்தேன். பழைய அச்சில் படம் மட்டும்தான் புள்ளி புள்ளியாக இருக்கும். டீம் பெயரும் ஆட்டக்காரர் பெயரும் முழு மையால் கெட்டியாக அச்சாகியிருக்கும், எழுத்தின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல நிற்கும். எனக்கு வந்த பிரெட்டில் எழுத்துக்குள்ளேயும் புள்ளிகள், விளிம்பு மணல்போல உதிர்ந்து தெரிந்தது. அசலை ஸ்கேன் செய்து மறுபடி அச்சடித்தால் இப்படித்தான் ஆகும். கட்டிலிருந்த மற்ற 99-ம் அசல். அதுதான் மனதை அதிகம் வருத்தியது. விற்றவருக்கு மூன்று மடல் போட்டேன், பதில் இல்லை.

ஆகவே: 1975-ல் 228 பிரெட், 223 ராபின் யவுன்ட், 616-ல் ஜிம் ரைஸ், 620-ல் கேரி கார்ட்டர், 500 நோலன் ரயன், இரண்டு ஆரன் கார்டுகள், இவற்றைத் தனியாக, முடிந்தால் நேரில் பார்த்து வாங்குங்கள். ஒரு ரூபாய் பெறாத கார்டை யாரும் போலி செய்யமாட்டார்கள். சந்தேகம் வந்தால், அதே செட்டின் எந்தச் சாதாரணக் கார்டையும் பக்கத்தில் வைத்துத் தடிமன், பின்பக்கத்துச் சாம்பல் நிறம், எழுத்தின் விளிம்பு மூன்றையும் ஒப்பிடுங்கள். சாதாரணக் கார்டுதான் உங்களுக்கு உரைகல்.

ஒரு விஷயத்தைப் போலி என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். 189 முதல் 212 வரை, 1951 தொடங்கி வருடவாரியாகச் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றவர்களின் பழைய கார்டுகளைக் குட்டியாகப் போட்டிருப்பார்கள். அதில் 200-ம் எண்ணில் மோரி வில்ஸின் 1962 கார்டு என்று ஒன்று இருக்கும். அப்படி ஒரு கார்டு 1962-ல் வெளிவரவே இல்லை. அவரோடு டாப்ஸுக்கு அப்போது ஒப்பந்தம் கிடையாது. 1975-ல் உட்கார்ந்து, பழைய பாணியில் புதிதாகச் செய்து சேர்த்தார்கள். ராய் காம்பனெல்லாவின் 1951 கார்டும் அப்படியே.

கேள்வி: பழைய கார்டில் மெழுகுக் கறை, பேனாக் கிறுக்கல் எல்லாம் இருக்கிறது. எப்படிச் சுத்தம் செய்வது? எதில் வைப்பது?
– வாசகி, கூப்பர்டினோ, கலிஃபோர்னியா

பாக்கெட்டின் மெழுகுத்தாளிலிருந்து ஒட்டிய மெழுகு என்றால், பெண்கள் போடும் மெல்லிய நைலான் காலுறைத் துணியால் அழுத்தாமல் வட்டமாகத் தேய்த்தால் போய்விடும். பபுள்கம் கறை போகாது, விட்டுவிடுங்கள். தண்ணீர், அழி ரப்பர், எதுவும் கிட்டே வரக்கூடாது. 1975-ன் பார்டர் ஓரம்வரை நிறம் பூசியது. லேசாக உரசினாலும் உள்ளே இருக்கும் வெள்ளை தெரிந்துவிடும்.

வைப்பதற்கு ஒன்பது அறை பிளாஸ்டிக் தாள், 74 தாள் வேண்டும். பி.வி.சி. கலக்காதது என்று பார்த்து வாங்குங்கள். பேஸ்மென்ட் வேண்டாம், படுக்கையறை அலமாரி போதும்.

பேனாக் கிறுக்கலைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். 1975-ல் 24 டீம் கார்டுகளின் பின்பக்கத்தில் அந்தந்த டீமின் கார்டுப் பட்டியல் இருக்கும். பெயருக்கு முன்னால் ஒரு சின்னக் கட்டம். கிடைத்த கார்டுக்குக் குறி போட்டுக்கொள்ளலாம். குறி போடாத பட்டியலுக்குத்தான் விலை. எதிர் வீட்டுப் பெரியவர் கொடுத்த பெட்டியில் டைகர்ஸ் பட்டியல் இருந்தது, நீலப் பேனாவில் குறி போட்டபடி. குறி ஒவ்வொன்றும் கட்டத்தைத் தாண்டாமல், அளந்து போட்டதுபோல இருக்கும். ஒரே ஒரு கட்டம் காலி: 397, பில் ஃப்ரீஹன். டெட்ராய்ட்டில் பிறந்து, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படித்து, கடைசிவரை டைகர்ஸுக்கே ஆடியவர். ஊர்ப் பிள்ளை. அவருடைய கார்டு மட்டும் அந்தச் சிறுவனுக்குக் கிடைக்கவில்லை.

1975-ல் டைகர்ஸ் 102 ஆட்டம் தோற்றது, அதில் தொடர்ச்சியாக 19. அப்படிப்பட்ட டீமுக்காக ஒரு பிள்ளை காசு சேர்த்துப் பாக்கெட் பாக்கெட்டாகப் பிரித்திருக்கிறான். அதனால் அந்தக் குறிகளை நான் அழிக்க விடமாட்டேன். குறி போடாத நல்ல கார்டு ஒன்று பின்னால் கிடைத்தும், பைண்டரில் இருப்பது இதுதான்.

கேள்வி: என் பன்னிரண்டு வயது மகன் எல்லாக் கார்டையும் அனுப்பி கிரேடு வாங்க வேண்டும் என்கிறான். முதலீடு என்று எடுத்துக்கொள்ளலாமா?
– வாசகர், நேப்பர்வில், இல்லினாய்

பி.எஸ்.ஏ. மாதிரி இடங்களில் ஒன்றிலிருந்து பத்துவரை மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் கூட்டுக்குள் மூடித் தருவார்கள். சாதாரணக் கார்டுக்குக் கிரேடு கட்டணமே கார்டின் விலையைத் தாண்டிவிடும். பிரெட், யவுன்ட் போல நாலைந்து கார்டு நல்ல நிலையில் இருந்தால் அனுப்பலாம், அசலா என்பதும் உறுதியாகும். மற்றதை மகன் கையில் கொடுங்கள், பின்பக்கத்தைப் படிக்கட்டும். முதலீட்டுக்கு நீங்கள் வேறு இடம் பாருங்கள்.

கேள்வி: 660-ம் முடிந்துவிட்டது. இனி என்ன?
– பல வாசகர்கள்

கடைசியாகக் கிடைத்தது எது என்று சொல்லவில்லையே. ஃப்ரீஹன்தான். எத்தனையோ தடவை கண்ணில் பட்டும், அவரைக் கடைசியில் வாங்க வேண்டும் என்று வைத்திருந்தேன். 2022 கோடையில், ஆன் ஆர்பரில் கார்டு விற்கும் ஒரு மேஜையில் ஒரு டாலருக்கு எடுத்தேன். பெரியவர் அப்போது இல்லை. அரிசோனா முகவரிக்கு ஃப்ரீஹனின் படத்தை எடுத்து அனுப்பினேன். மகனிடமிருந்து பதில் வந்தது. பட்டியலில் அந்தக் கட்டத்தை என்ன செய்தேன் என்று கேட்டிருந்தார். காலியாகவே இருக்கிறது என்று எழுதினேன். நீலப் பேனாவால் நீங்களே குறி போட்டுவிடுங்கள் என்று மறுபடி எழுதினார். இன்னும் போடவில்லை. அவர் அடுத்த கோடையில் மிச்சிகன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்போது மினி சேர்க்கிறேன். 93 இருக்கிறது. நோவை வாசகரே, அந்த பிஸ்கட் டப்பாவில் 397 இருக்கிறதா என்று பார்த்து ஒரு வரி எழுதுங்கள்.